படகு எஞ்சின் பட்டறை ஒன்றின் இரண்டாவது கிளை: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகரின் கடலோரக் குடியிருப்பு ஒன்றில் இருக்கும் படகு எஞ்சின் பட்டறையைப் பற்றியது இந்த ஆய்வு. மீன்பிடிப் படகுகளின் பின்புறத்தில் பூட்டும் 8 முதல் 40 குதிரைவலு வரையான எஞ்சின்களை இங்கே திருத்துகிறார்கள். வீதியைப் பார்த்த முன்னறையில் உதிரிப்பாகம் விற்கிறார்கள். உரிமையாளர், அவருடைய மனைவி, மூத்த மெக்கானிக் ஒருவர், இளைய மெக்கானிக்குகள் இருவர், ஒரு கையாள் என்று ஆறு பேரின் உழைப்பில் நடக்கும் தொழில். நான் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். வங்கிக் கடனுக்கான பத்திரங்களைத் தயார் செய்ய அழைக்கப்பட்டுத்தான் உள்ளே போனேன். ஆட்களை இனங்காட்டக்கூடிய விவரங்களை இங்கே தவிர்த்திருக்கிறேன். உரிமையாளரும் மனைவியும் இதை வாசித்துச் சம்மதம் தந்தார்கள்.

உரிமையாளர் வேலை பழகியது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு. கரையோரம் முழுக்கப் படகுகள் அழிந்திருந்தன. உதவி நிறுவனங்கள் புதிய பைபர் படகுகளையும் எஞ்சின்களையும் கொடுத்தன. அவற்றைத் திருத்தத் தெரிந்த கைகள் போதவில்லை. ஆனாலும் போர்க்காலத்தில் கடலுக்குப் போகும் நேரத்துக்கும் எஞ்சின் வலுவுக்கும் கட்டுப்பாடு இருந்ததால் வேலை மட்டுப்பட்டே இருந்தது. 2009க்குப் பின் கட்டுப்பாடுகள் தளர்ந்து பெரிய எஞ்சின்கள் வரத் தொடங்கின. 2010இல் அவர் சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்டார்.

இங்கே எல்லாத் தொழிலும் காற்றைப் பார்த்தே நடக்கிறது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். அதே காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிப்பதால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி எனப்படும் தற்காலிகக் கொட்டில் அமைத்துத் தொழில் செய்வார்கள். நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் பயணிகளை ஏற்றும் படகுகளும் அப்போதுதான் ஓடும். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று பிடித்துவிட்டால் சிறிய படகுகள் பல நாட்கள் கரையில் கிடக்கும். ஆகவே பட்டறையில் ஏப்ரலில் மூச்சுவிட நேரமிராது, டிசம்பரில் வேலையிராது. இது எல்லோருக்கும் தெரிந்த விடயம். ஆனால் இதைக் காசுக் கணக்கோடு சேர்த்து யாரும் எழுதிப் பார்த்திருக்கவில்லை.

கிளை என்ற எண்ணம்

2023 நடுப்பகுதியில் உரிமையாளர் ஒரு திட்டத்தோடு இருந்தார். நகரிலிருந்து வடக்கே, இறக்கக்கண்டிக்கும் குச்சவெளிக்கும் இடையில் ஒரு வளவு குத்தகைக்கு வந்திருந்தது. அங்கே இரண்டாவது பட்டறை போடவேண்டும், அதற்கு வங்கிக் கடன் வேண்டும். அவருடைய காரணங்கள் பலமானவை. குச்சவெளி மீனவர் ஒருவர் எஞ்சினை முச்சக்கரவண்டியில் ஏற்றி 30 கிலோமீற்றருக்கு மேல் வருகிறார். வந்து திரும்பவே அரைநாள் தொழில் போகிறது. வாடிகளும் அந்தப் பக்கம்தான் அதிகம். தான் போகாவிட்டால் வேறு யாராவது போய்விடுவார்கள் என்ற பயமும் இருந்தது.

வியாபாரப் பெயர் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் முறையாகப் பதியப்பட்டிருந்தது. ஆனால் வங்கி கேட்ட மூன்று வருடக் கணக்கு இல்லை. வீட்டுக் காசும் பட்டறைக் காசும் ஒரே இலாச்சியில் கிடந்தன. வட்டியும் இலேசான நிலையில் இல்லை. 2023 மார்ச்சில் மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான துணைநில் கடன்வழங்கல் வசதி வீதமே 16.5 சதவீதமாக இருந்தது. ஜூனில் குறைக்கத் தொடங்கியிருந்தாலும் சிறு தொழிலாளிக்குக் கிடைக்கும் வட்டி அதற்கு மேலேதான் நின்றது.

முதல் சந்திப்பில் உரிமையாளர் இரண்டு வருடத்தில் கடன் முடியும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தேத்தண்ணி வைத்துவிட்டு நின்ற மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அங்க நீங்க நிண்டா இங்க ஆர் நிக்கிறது?" அதற்கு அவரிடம் பதில் இல்லை. பத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தக் கேள்விக்கே முதலில் விடை தேடினோம்.

பட்டறையில் கண்டவை

கையாள் பொடியனிடம் ஒரு மட்டையும் பேனையும் கொடுத்தோம். யாராவது வந்து உரிமையாளரின் வேலையை நிறுத்தி ஏதாவது கேட்டால் ஒரு கோடு போடவேண்டும், அவ்வளவுதான். பருவம் ஓடிக்கொண்டிருந்த ஒரு சாதாரண நாளில் கோடுகள் 40ஐத் தாண்டின. கேள்விகளைப் பிரித்துப் பார்த்தபோது பெரும்பாலானவை மூன்று வகைக்குள் அடங்கின. இந்தச் சாமான் எங்கே இருக்கிறது? இதற்கு எவ்வளவு எடுப்பது? எந்த எஞ்சினை முதலில் பார்ப்பது? மூன்றுக்கும் திறமையான மெக்கானிக் ஒருவர் தேவையில்லை. ஆனாலும் அந்தப் பட்டறையின் திறமையான மெக்கானிக்கே நாள் முழுக்க இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தன் சொந்த வேலையை இரவு எட்டு மணிக்கு மேல் மின்குமிழ் வெளிச்சத்தில் செய்தார்.

தரையில் இருந்த எஞ்சின்களை எண்ணினோம். 23 இருந்தன. அவற்றில் ஐந்து யாருடையவை, என்ன கோளாறு என்று உடனே சொல்ல உரிமையாளரைத் தவிர வேறு ஆளில்லை. ஒன்று திருத்தி முடிந்து மூன்று கிழமையாகக் கிடந்தது. வந்து எடுக்கும்படி சொந்தக்காரருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மூன்று கிழமையும் அவர் வேறொருவரின் படகில் பங்குக்குப் போயிருக்கிறார். கழற்றிய கியர்பெட்டி ஒன்றின் உறுப்புகள் இரண்டு மாஜரின் பேணிகளில் பிரிந்து கிடந்தன.

சாமான் தட்டுகளின் நிலையும் அதே மாதிரி. இந்தக் கடலில் அதிகம் தேய்வது தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லர். ஆழம் குறைந்த இடங்களில் மணல் கலந்த தண்ணீரை இழுப்பதால் அதன் ரப்பர் இதழ்கள் கெதியில் போய்விடும். குளிர்த்தும் தண்ணீர் ஏறாமல் எஞ்சின் சூடாகும். அப்படி ஓயாமல் தேவைப்படும் சாமானே தட்டில் இல்லை. பொடியன் வேறு கடையில் சில்லறை விலைக்கு வாங்கிவர ஓடினான். மறுபக்கம், இப்போது கரையில் அரிதாகிப்போன மாதிரி ஒன்றுக்காக 2019இல் வாங்கிய, பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் விலைகூடிய மின்பற்றல் பெட்டிகள் உறை பிரிக்காமல் இருந்தன.

திரும்பி வரும் எஞ்சின்களைப் பற்றி யாருக்கும் கணக்கில்லை. இங்கே பெரும்பாலான எஞ்சின்களைப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றாவிட்டால் காபரேட்டருக்குள் மண்ணெண்ணெய் தங்கி அடுத்த நாள் இழுக்க இழுக்கப் பிடிக்காது. நாளடைவில் கரி படிந்து பிஸ்ரன் ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும். இப்படித் திரும்பி வருவது ஓட்டியவரின் பழக்கத்தாலா, செய்த வேலையின் குறையாலா என்று பிரித்தறிய வழியில்லாததால் இரண்டாவது தடவை கூலி வாங்குவதா விடுவதா என்ற வாக்குவாதம் ஒவ்வொரு முறையும் வந்தது. அதற்கும் உரிமையாளரே வரவேண்டியிருந்தது.

கிளையைத் தள்ளிவைத்த முடிவு

கிளைக்கான செலவை எழுதினோம். குத்தகை, கொட்டகை, கருவிகள், இரண்டு மெக்கானிக்குகளின் சம்பளம். சம்பளம் 60,000 ரூபா என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் முதலாளி சேர்க்கவேண்டும். அதுவே ஆளுக்கு 9,000 ரூபா. ஆறு மாத உழைப்பு பன்னிரண்டு மாதச் செலவைத் தாங்கவேண்டும். உரிமையாளர் அங்கே நின்றால் கிளை தாக்குப்பிடிக்கும் என்று கணக்கு வந்தது. அவர் அங்கே நிற்கும் நாட்களில் இங்கே குறையப்போகும் வேலையைக் கழித்தபோது மிச்சமெதுவும் நிற்கவில்லை.

காசோ இடமோ குறைவாக இருந்ததால் பட்டறை வளராமல் நிற்கவில்லை. ஒரு மனிதரின் நினைவுக்குள் முழுத் தொழிலும் அடைபட்டுக் கிடந்தது. அதைப் பிரித்து வெளியே எடுக்காமல் கிளை போட்டால், அரைகுறைப் பட்டறைகள் இரண்டுதான் மிஞ்சும். உரிமையாளருக்கு இதைக் கேட்பது கடினமாக இருந்தது. இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவரே வந்து நிபந்தனைகளை எழுதச் சொன்னார். பருவகாலத்தில் அவர் இரண்டு கிழமை இல்லாமல் இந்தப் பட்டறை நடக்கவேண்டும். வாடிக்கையாளர்கள் தரவேண்டிய பழைய கடனில் பாதியாவது திரும்ப வரவேண்டும். இரண்டும் நடந்தபின்பே கிளை பற்றிப் பேச்சு. கணவனும் மனைவியும் அதில் ஒப்பமிட்டார்கள்.

தகடும் வேலைச் சீட்டும்

கணினி மென்பொருள் வாங்கலாமா என்று உரிமையாளரின் மருமகன் கேட்டார். நான் வேண்டாமென்றேன். எண்ணெய்க் கையோடு வேலை செய்யும் இடத்தில் திரையைத் தொட ஒருவரும் வரமாட்டார்கள். ஒழுங்கு என்பது வேலை நடக்கும் இடத்தில், வேலை செய்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். அது கடதாசியாக இருந்தாலும் போதும்.

அலுமினியத் தகட்டில் 1 முதல் 60 வரை இலக்கம் குத்தினோம். எஞ்சின் வாசலைத் தாண்டியதும் ஒரு தகட்டைக் கம்பியால் கட்டவேண்டும். கழற்றிய உறுப்புகள் அதே இலக்கம் எழுதிய பிளாஸ்ரிக் கூடைக்குள் போகவேண்டும். அதே இலக்கத்தில் ஒரு வேலைச் சீட்டு: சொந்தக்காரர் பெயர், போன் இலக்கம், அவர் சொன்ன கோளாறு, மெக்கானிக் கண்ட கோளாறு, போட்ட சாமான், கூலி, செய்தவரின் ஒப்பம். சுவரில் ஒரு பலகை. எஞ்சின்கள் பார்க்கவேண்டியவை, சாமானுக்குக் காத்திருப்பவை, முடிந்தவை என்று பிரிந்து நிற்கும். முடிந்தவற்றின் பக்கத்துக்கு இலக்கம் மாறிய அன்றே சொந்தக்காரருக்கு மனைவி போன் எடுப்பார். மாலையில் அன்றைய சீட்டுகளைப் போனில் படமெடுத்து வைப்பார்.

விலைப் பட்டியலுக்கு அதிக நேரம் எடுத்தது. இதுவரை கூலி உரிமையாளரின் வாயிலிருந்து வந்தது. ஆளைப் பார்த்துக் கூடும், குறையும். இல்லாதவனிடம் குறைத்து வாங்கும் அவருடைய குணம் நல்ல குணம். அதை அழிக்க நான் விரும்பவில்லை. எல்லோருக்கும் ஒரே கூலி பட்டியலில் எழுதப்படும், குறைக்க விரும்பினால் உரிமையாளர் சீட்டில் குறைத்த தொகையை எழுதி ஒப்பமிடவேண்டும் என்று தீர்மானித்தோம். அதனால் மாதம் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்று முதன்முறையாக அவருக்கே தெரிந்தது.

சீட்டுகள் சேரச் சேர எதிர்பாராத விடயங்களும் வெளிவந்தன. வெள்ளிக்கிழமைகளில் கிண்ணியா, மூதூர் எஞ்சின்கள் குவிந்தன. ஜும்ஆ நாளில் அங்குள்ள மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை என்பதால் எஞ்சினைக் கொண்டுவர வசதியான நாள் அதுதான். கத்தோலிக்க மீனவர்களுக்கு அது ஞாயிறு. பட்டறையோ ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்தது. விடுமுறை செவ்வாய்க்கு மாற்றப்பட்டது. இந்தச் சிறு மாற்றத்துக்கு ஒரு ரூபாவும் செலவாகவில்லை.

சாமான் தட்டுகள்

அடிக்கடி போகும் சாமான்கள் எவையென்று சீட்டுகளிலிருந்து எடுத்தோம். இம்பெல்லர், பிளக், கியர் ஒயில், ஸ்ராட்டர் கயிறு, சுழலிக்குப் போடும் ஊசி, சீல்கள். இவற்றுக்கு மட்டும் குறைந்தபட்ச எண்ணிக்கை வைத்து, அந்த எண்ணிக்கைக்குரிய கடைசிப் பெட்டியைச் சிவப்பு நாடாவால் சுற்றினோம். நாடாவை அவிழ்ப்பவர் அன்றே ஓடர் கொப்பியில் எழுதவேண்டும். கொழும்புக்குச் சொன்னால் இரவு பஸ்ஸில் பொதி மறுநாள் காலை வந்துவிடும் என்பதால் பெரிய இருப்புத் தேவைப்படவில்லை. ஓடாத சாமான்களை வாங்கிய விலைக்குக் குறைவாகவே விற்றார்கள். அதிலிருந்து வந்த காசுதான் அடுத்த மூன்று மாத இம்பெல்லர்களை வாங்கியது.

கடன் கொப்பி

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான்.

கடன் கொப்பியில் பட்டப்பெயர்கள் இருந்தன, தொகைகள் இருந்தன, பல இடங்களில் திகதி இல்லை. சிலர் காசுக்குப் பதில் நல்ல மீன் கொடுத்துப் போயிருந்தார்கள். அது வீட்டில் கறியாகிவிட்டது, கொப்பியில் கழியவில்லை. மனைவியும் நானும் ஒவ்வொரு பெயராகக் கூட்டினோம். 14 இலட்சத்தைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் 2020க்கும் 2022க்கும் இடைப்பட்டது.

அந்தக் காலத்தில் மீனவர்கள் பட்டதை மறந்துவிட்டு இந்தக் கொப்பியைப் பார்க்கக்கூடாது. முதலில் கொரோனா முடக்கம். பிறகு 2022இல் எரிபொருள் வரிசை. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. கடலுக்குப் போனாலும் நட்டம், போகாவிட்டாலும் நட்டம் என்ற நிலையில் எஞ்சின் திருத்தக் காசு கொடுக்காததை ஏமாற்று என்று சொல்ல முடியாது. மறுபக்கம் பட்டறைக்கும் அடி விழுந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பழைய விலைக்குக் கடனாகக் கொடுத்த ஒரு சாமானின் காசு ஒரு வருடம் கழித்து முழுதாக வந்தாலும், அதே சாமானை அந்தக் காசால் திரும்ப வாங்க முடியாது. கொப்பியில் தொகை குறையாமல் இருந்தபோதே தட்டு காலியாகிக்கொண்டிருந்தது.

இதிலிருந்து ஒரு விதி பிறந்தது. கூலிக்கு ஓரளவுவரை கடன் கொடுக்கலாம், சாமானுக்குக் கைக்காசு. கூலி பட்டறைக்காரர்களின் சொந்த உழைப்பு. சாமான் கொழும்புக் கடைக்காரரின் காசு. மீனவர்களுக்கு இதை விளக்குவது எளிதாக இருந்தது. மண்ணெண்ணெயையும் வலையையும் வாங்கும்போது அவர்களுக்கே இந்த வித்தியாசம் பழக்கமானது. பழைய கடனுக்கு வட்டியில்லை. பருவகாலத்தில் கிழமைக்கு ஒரு சிறு தொகை. ஒவ்வொருவரின் கணக்கையும் தனித்தாளில் எழுதி உரிமையாளரே வீட்டுக்குக் கொண்டுபோனார். கடையில் பலர் முன்னால் அதைக் கொடுக்கக்கூடாது என்று மனைவி உறுதியாக நின்றார். அவர் சொன்னது சரி.

எல்லோரும் ஏற்கவில்லை. நாலைந்து படகு வைத்திருந்த சம்மாட்டி ஒருவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பன்னிரண்டு வருஷப் பழக்கத்துக்குப் பிறகு கடதாசி நீட்டுறீரோ தம்பி?" என்று கேட்டார். உரிமையாளர் அவரோடு வாதாடவில்லை. அந்தப் பருவம் முழுக்க அவருடைய எஞ்சின்கள் வரவில்லை.

இதே நேரத்தில் வீட்டுச் செலவும் பிரிக்கப்பட்டது. உரிமையாளருக்கும் மனைவிக்கும் மாதச் சம்பளம் நிர்ணயித்தோம். இலாச்சிக் காசை ஒவ்வொரு மாலையும் எண்ணி எழுதினார்கள். மனைவிக்குச் சம்பளம் என்ற பேச்சு வீட்டில் சிறிது சலசலப்பை உண்டாக்கியது. ஆனால் அந்த வேலைக்கு வெளியாள் வைத்தால் என்ன கொடுக்கவேண்டும் என்று எழுதிக் காட்டியதும் அடங்கியது.

வாடைக்கால ஏற்பாடு

அதுவரை சேர்ந்த சீட்டுகளை மாதவாரியாக அடுக்கியபோது, வடக்கே புதிய பட்டறை தேடியதற்கான விடை இதே கொட்டகையில் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் சும்மா கிடப்பது தெரிந்தது. புறாமலைப் படகுக்காரர்கள் எல்லோரும் வருடாந்தப் பராமரிப்புக்கு மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும்தான் வந்தார்கள். எஞ்சின் ஒக்டோபரிலிருந்து உப்புத்தண்ணியோடு வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்து, உள்ளே அரித்த பிறகு வந்தது.

ஆகவே 2023 ஒக்டோபரில் ஒரு அறிவிப்புக் கொடுத்தார்கள். பருவம் முடிந்ததும் எஞ்சினைக் கொண்டுவந்து விட்டால் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவி, கியர் ஒயில் மாற்றி, உப்பு அரிப்பைத் தாங்கப் பூட்டும் துத்தநாகக் கட்டியைப் பார்த்து, ஏப்ரல் வரை பாதுகாத்துத் தரப்படும். கூலியில் கழிவு உண்டு. கியர் ஒயிலை வடிக்கும்போது பால்போல வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். அதை நவம்பரில் கண்டால் சீலோடு முடியும். ஏப்ரலில் கண்டால் பற்சக்கரம் வரை போயிருக்கும்.

வாடையில் யாரிடமும் காசு இருக்காது என்பது இதிலிருந்த சிக்கல். கூலியை ஏப்ரலில் வாங்கலாம், சாமானுக்கு யார் போடுவது? இங்கேதான் வங்கிக் கடன் பயன்பட்டது. கொட்டகை கட்டக் கேட்ட பெரிய தொகையைக் கைவிட்டு, அதில் ஆறில் ஒரு பங்கை நடைமுறை மூலதனமாகக் கேட்டார்கள். எழுதத் தொடங்கி சில மாதமே ஆன கணக்கையும் சீட்டுக் கட்டுகளையும் முகாமையாளர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். கடன் 2024 ஜனவரியில் கிடைத்தது. முதல் வாடைக்கு அது பிந்திவிட்டது. அந்த முறை மனைவி சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசுதான் சாமான் வாங்கியது.

மூத்த மெக்கானிக்

வேலைச் சீட்டில் ஒப்பமிடச் சொன்னதை மூத்த மெக்கானிக் தன்மீதான சந்தேகமாகவே எடுத்துக்கொண்டார். உரிமையாளரோடு தொடக்கத்திலிருந்து நின்றவர். "நான் பார்த்த எஞ்சினுக்கு நான் ஒப்பம் வைக்கோணுமோ அண்ணன்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டு, ஒப்பமும் வைத்தார். அதன் பிறகு பேச்சுக் குறைந்தது. திரும்பி வந்த எஞ்சின்களின் பட்டியலில் அவருடைய பெயர் மற்றவர்களைவிடக் கூடத் தெரிந்தது. கடினமான வேலைகள் எல்லாம் அவரிடமே போனதால் அப்படித்தான் தெரியும். பட்டியல் அதைச் சொல்லவில்லை. 2024 மே மாதத்தில், பருவத்தின் உச்சத்தில், அவர் விலகித் தனியே தொழில் தொடங்கினார். சில வாடிக்கையாளர்களும் கூடப் போனார்கள்.

இளையவர்கள் இருவரும் மாறாக நடந்துகொண்டார்கள். விலையும் தட்டும் கண்முன் இருந்ததால் கேட்காமலே வேலை முடித்தார்கள். அவர்களில் ஒருவர் முன்அனுபவத்தின் அடிப்படையில் என்.வி.கியு. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துப் பெற்றார். சான்றிதழ் வந்ததும் சம்பளம் கூட்டப்பட்டது.

அதன் பின் நடந்தவை

2024 ஜூனில் உரிமையாளர் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்களோடு வெருகலில் சேர்ந்து உகந்தை வரை நடந்தார். பல வருட நேர்த்தி. பட்டறையை விட்டுப் போக முடியாமல் கிடந்தது. எழுதி வைத்த நிபந்தனைக்கு அதுவே சோதனையாகவும் ஆயிற்று. அவர் இல்லாத நாட்களில் எஞ்சின்கள் வந்தன, போயின, காசு எண்ணப்பட்டது. ஆனால் மூன்று கியர்பெட்டி வேலைகள் அவர் திரும்பும்வரை அப்படியே கிடந்தன. மூத்தவர் போன பிறகு அந்த வேலை உரிமையாளருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. நிபந்தனை நிறைவேறவில்லை என்று மனைவியே தீர்ப்புச் சொன்னார்.

பழைய கடனில் 2024 பருவ முடிவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவும், 2025 செப்டம்பருக்குள் பாதிக்கு மேலும் திரும்பியது. கோபித்துப் போன சம்மாட்டி 2025 மார்ச்சில் இரண்டு எஞ்சின்களோடு வந்தார். கைக்காசும் கொண்டுவந்தார், கடதாசியைப் பற்றிப் பேசவில்லை. வாடைக்காலத்தில் விடப்பட்ட எஞ்சின்கள் முதல் வருடம் ஒன்பது, இரண்டாவது வருடம் 27. அவற்றை வைக்க மரச்சட்டங்கள் அடிக்கவும் இரவுக் காவலுக்கு ஆள் வைக்கவும் வேண்டியிருந்தது. அந்தச் செலவு முன்கணக்கில் இல்லை. ஆனாலும் 2025 ஏப்ரலில் பட்டறை எட்டு மணிக்கு முன் பூட்டப்பட்டது.

வடக்கே பட்டறை போடப்படவில்லை. அதற்குப் பதிலாக 2025 பருவத்தில் இறக்கக்கண்டிப் பக்கம் ஒரு சிறிய அறை வாடகைக்கு எடுத்தார்கள். கிழமையில் இரண்டு நாள் இளைய மெக்கானிக் ஒருவர் கருவிப்பெட்டியோடு போவார். இம்பெல்லர், பிளக், காபரேட்டர் வேலைகளை அங்கேயே முடிப்பார். பெரிய வேலைகளுக்குத் தகடு கட்டி, சீட்டு எழுதி, லொறியில் நகருக்கு அனுப்புவார். அங்கிருந்து வந்த சீட்டுகளில் முக்கால்வாசி அவ்விடத்திலேயே முடிந்தவை. முழுப் பட்டறை ஒன்றை அங்கே போட்டிருந்தால் அதன் பெரும்பகுதிக் கருவிகள் சும்மா கிடந்திருக்கும்.

திரும்பச் செய்வதானால்

மூத்த மெக்கானிக்கோடு பேசாமல் வேலைச் சீட்டைத் தொடங்கியிருக்கக்கூடாது என்று உரிமையாளர் சொல்கிறார். நானும் அப்படியே நினைக்கிறேன். சீட்டு எப்படி இருக்கவேண்டும் என்று அவரிடமே கேட்டிருந்தால் கடினமான வேலைக்குத் தனிக் குறி போடச் சொல்லியிருப்பார். பட்டியல் அவருக்கு அநியாயம் செய்திருக்காது. விலைப் பட்டியலுக்கு முன்பே அவருடைய சம்பளத்தைப் பற்றியும் பேசியிருக்கவேண்டும். கூலி எவ்வளவு வருகிறது என்று சுவரில் எழுதிவிட்டு, அதை உழைப்பவருக்கு எவ்வளவு போகிறது என்பதைத் தொடாமல் விட்டால் யாருக்கும் மனம் கசக்கும்.

கடன் தாள்களை வாடையில் கொண்டுபோனதும் பிழையான நேரம். கையில் காசில்லாத மாதத்தில் கணக்கு நீட்டப்பட்டதே சிலருக்கு வலித்தது. ஏப்ரல் கடைசியில், முதல் நல்ல மீன்பாட்டுக்குப் பிறகு போயிருந்தால் அதே தாளை வேறு முகத்தோடு வாங்கியிருப்பார்கள்.

கியர்பெட்டி வேலையைப் படங்களோடு எழுதிவைக்கும் முயற்சி இப்போது நடக்கிறது. சான்றிதழ் பெற்ற இளையவர் இந்த வாடையில் உரிமையாளரின் பக்கத்தில் இருந்து அதைச் செய்யப்போகிறார். உரிமையாளர் கருவியைத் தொடாமல் வாயால் மட்டும் சொல்லவேண்டும் என்பது மனைவி போட்ட நிபந்தனை. அவர் பத்துக் கியர்பெட்டிகளைத் தனியே முடித்து, அவை அடுத்த பருவத்தில் திரும்பி வராவிட்டால், இறக்கக்கண்டி அறையை ஆறு நாளும் திறப்பது பற்றிப் பேசுவார்கள். குத்தகைக்கு வந்த வளவை வேறொருவர் எடுத்துவிட்டார். அதே வீதியில் இன்னொன்று இருப்பதாக உரிமையாளர் போன கிழமை சொன்னார்.